நாலரைக் கட்டையில் ஒரு தொகையறா

போன தை மாதம் அவிநாசியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடையில் ஒருவர்தான் இருந்தார். முன்னால் ஒரு கீபோர்டு, பக்கத்தில் ஒரு லேப்டாப். தபலா, வயலின், புல்லாங்குழல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளிருந்தே வந்துகொண்டிருந்தன. நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். திடீரென்று ஒரு பாட்டின் நடுவில் மேண்டலின் சத்தம் கேட்டது. சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டு கீழிருந்து மேலே சரசரவென்று ஓடி, ஒரு மூச்சுக்குள் திரும்பியும் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்து நாற்காலி அம்மா திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க சிரிக்கறீங்க?”

“அந்த ஓட்டத்த நெச மேண்டலின்ல வாசிக்கணும்னா, இடது கையில இன்னொரு சுண்டுவிரல் வேணுங்க.”

அவர் என் இடது கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பந்தியில் அந்தக் கீபோர்டுக்காரரே என் எதிர் இலையில் வந்து உட்கார்ந்தார். நான் ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “ஏனுங்கம்மா, பாடறவங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னா எனக்கு ஒரு பட்டன் இருக்குதுங்க. அமுக்குனா எல்லாமே கீழ எறங்கிக்கும். உங்களுக்கெல்லாம் என்னங்க இருந்துச்சு?” என்று கேட்டார். வாயில் பாயசத்தை வைத்துக்கொண்டு சொல்லுகிற விஷயமா அது? எழுதி அனுப்புகிறேன் தம்பி என்றேன். அவர் மரியாதைக்குக் கேட்டிருக்கலாம். நான் உண்மையாகவே எழுத உட்கார்ந்துவிட்டேன். இனி படிப்பது கேட்டவர் பாடு.

என் பெயர் எஸ்தர். ஊர் சாத்தான்குளம் பக்கம். மழை இல்லாமல் போய், அப்பா எங்களைத் திருப்பூருக்குக் கூட்டி வந்தபோது, இரும்புப் பெட்டிக்குள் பாத்திரங்களோடு ஒரு மேண்டலினும் வந்தது. ஊர்த் திருச்சபையில் பாடகர் குழுவோடு அப்பா வாசித்த மேண்டலின் அது. அந்த இடத்தில் இன்னொரு செம்புப் பானை வைத்திருக்கலாம் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தேன். டெய்லர் தைக்கத் தைக்கத் துணியை மடித்துக் கொடுத்து, தைத்து வருவதை வாங்கி, நூல் வெட்டி அடுக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சபையில் அப்பாவுக்குப் பதிலாக நான் மேண்டலின் வாசித்தேன். கேட்டவர் யாரோ போய்ச் சொல்லி, கந்தசாமி மாஸ்டர் எனக்கு ஆள் அனுப்பினார். பிறகு அவருடைய மெல்லிசைக் குழுவே என் உத்தியோகம் ஆகிவிட்டது. திருவிழா, கல்யாணம், கம்பெனி விழா என்று கொங்குநாட்டில் நான் வாசிக்காத மண்டபம் குறைவு. கடைசியில் என் மோதிர விரல் மூட்டு மடங்க மறுத்ததும், லேப்டாப் மேடை ஏறியதும் ஏறக்குறைய ஒன்றாக நடந்தன. எது முந்தியது என்று எங்கள் வீட்டில் இன்னும் தகராறு.

மாஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நெசவுக் குடும்பம். முருகன் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றாமல் கீபோர்டு உறையைக் கழற்ற மாட்டார். திருப்பூர் ராயபுரத்தில் ஒரு நூல் குடோனுக்கு மேல்மாடியில் ஒத்திகை. முதல் நாள் நான் படியேறியதும், “வாங்க கண்ணு, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா?” என்றார். எங்கள் பக்கம் சின்ன வயசுப் பெண்ணை ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘வாங்க, போங்க’ என்றால் கேலி என்று பொருள். முதல் மாதம் முழுக்க இந்த மனிதர் என்னை நக்கலடிக்கிறார் என்றே நினைத்து, வீட்டில் அப்பாவிடம் பொருமிக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. யாராவது தப்பாக வாசித்தால் பாட்டை நிறுத்துவார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார். பிறகு தப்பு வாசித்தவரைப் பார்த்து, “ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?” என்று கேட்பார். அவ்வளவுதான். கேட்கப்பட்டவருக்கு உயிர் போய்விடும். தப்பு பெரிதாக இருந்தால் விசாரணையும் பெரிதாகும். தபலாக்காரருக்கு ஒருநாள் மாமியாரில் ஆரம்பித்துப் பட்டியில் இருந்த ஆட்டுக்குட்டிகள் வரை போனது. புல்லாங்குழல் வாசித்த ஆறுமுகம் அண்ணன், “அடிச்சாக்கூடப் பரவால்லைங்க, இப்படி நலம் விசாரிச்சுக் கொல்றாரே” என்று படியில் உட்கார்ந்து புலம்புவார். என் அப்பாவின் உடம்பைப் பற்றி மாஸ்டர் அளவுக்குக் கவலைப்பட்டவர் உலகத்தில் வேறு யாரும் கிடையாது. என் ஆரம்ப காலம் அப்படி.

காரணம், எனக்கு மெட்டு மட்டும்தான் தெரியும். பாட்டின் வரியை அப்படியே கம்பியில் எடுத்துவிடுவேன். அதற்கு அடியில் வேறொன்று ஓடுகிறது என்பதே தெரியாது. மாஸ்டர் கீபோர்டில் மூன்று சுரங்களை ஒன்றாக அழுத்திக் காட்டினார். “இது கார்டுங்க. இதையே ஒண்ணொண்ணா உதிர்த்துவிட்டா ஆர்பெஜியோ. பாடறவங்க நடக்கறதுக்கு முன்னாடி பாய் விரிச்சுட்டே போற வேலைங்க கண்ணு. பாயைப் பாத்து யாரும் கை தட்ட மாட்டாங்க. ஆனா இல்லீன்னா காலு சுடும்.” நான் மேண்டலினை நீட்டி, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டேன். “உங்க பொட்டி எனக்குத் தெரியாதுங்களே. நீங்கதான் தேடிக்கோணும்” என்று சிரித்தார்.

தேடினேன். மேண்டலினில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நாலு ஜோடி. கழுத்தின் குறுக்கே பதித்த தகடுகள் அதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும். ஒவ்வொரு ஜோடியும் முந்தியதற்கு ‘ப’வாக அமையும். ஆள்காட்டி விரலை ஓர் இடத்தில் ‘ச’ என்று வைத்தால், அதே கட்டத்தில் அடுத்த ஜோடிக் கம்பியில் ‘ப’ தயாராக நிற்கும். ‘க’தான் தொல்லை. அது ‘ச’ இருக்கிற கம்பியிலேயே நாலு கட்டம் தள்ளி இருக்கிறது. மோதிர விரலை நீட்ட வேண்டும். அடுத்த ஜோடியில் ஆள்காட்டி ‘ப’வைத் தொட்டுவிட்டு, மேல் ‘ச’வுக்குச் சுண்டுவிரலை ஐந்து கட்டம் தள்ளி ஊன்ற வேண்டும். ச, க, ப, ச. சொல்ல எளிது. என் சுண்டுவிரல் அதுவரை பிறந்த வீட்டுச் செல்லப்பிள்ளையாக ஒரு வேலையும் செய்யாமல் வளர்ந்தது. ஊன்றச் சொன்னால் அழுதது.

இன்னொரு கோளாறும் இருந்தது. பனியன் துணி இழுபடும் துணி. கைமடி வேலையில் துணியை விரல் நுனியால் லேசாகப் பக்கவாட்டில் விட்டு விட்டுப் பிடிப்பது கைக்குப் பழகிவிடும். அதே பழக்கத்தில் கம்பியையும் அழுத்துகிற சாக்கில் பக்கவாட்டில் நகர்த்துவேன். சுரம் ஒரு மயிரிழை மேலே ஏறும். இரட்டைக் கம்பியில் ஒன்று ஏறி ஒன்று ஏறாமல், சளி பிடித்த மாதிரி ஒலிக்கும். இதைத் திருத்திக்கொள்வதற்குள் அப்பாவின் நலம் பலமுறை விசாரிக்கப்பட்டது.

விரல்கள் இடம் மறந்து தடுமாறுவதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்பெனியில் வெட்டிய துணிக் கட்டுகளில் ஒட்டுவதற்கு சைஸ் ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பொடியாக நறுக்கி, மேண்டலின் கழுத்தின் ஓரத்தில், வாசிக்கும்போது என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒட்டினேன். ஆள்காட்டி விரலுக்கு எஸ், நடுவிரலுக்கு எம், மோதிர விரலுக்கு எல், சுண்டுவிரலுக்கு எக்ஸெல். எஸ்-எல்-எஸ்-எக்ஸெல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாசித்தால், ச-க-ப-ச என்று வந்தது. உலகத்திலேயே புத்திசாலி நான்தான் என்று இருந்தது. ஆறு கட்டைப் பாட்டு எல்லாவற்றிலும் பிய்த்து உதறினேன். கட்டை என்பது சுருதியின் உயரம். எண் ஏற ஏறக் குரலும் மேலே போகும்.

ராயபுரத்திலேயே ஒரு வரவேற்பு. பாடகருக்கு ஜலதோஷம். அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாம் என்று மாஸ்டர் விரலால் சைகை காட்டினார். ஆறுமுகம் அண்ணன் வேறு குழலை எடுத்தார். நான் ஸ்டிக்கரைப் பார்த்து, எஸ்-எல்-எஸ்-எக்ஸெல் என்று ஆனந்தமாக உதிர்த்தேன். மொத்தக் குழுவும் ஒரு வீட்டில் இருக்க, நான் மட்டும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் வாசித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

“அப்பாவுக்கு உடம்பு பரவால்லீங்களா கண்ணு?”

அன்று மீதி நிகழ்ச்சி முழுக்க மேண்டலின் கம்பியைத் தொடாமல், வாசிப்பது போல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டிக்கரை எங்கே மாற்றி ஒட்டுவது? ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வரிசை ஒட்டினால் கழுத்து முழுக்க ஸ்டிக்கர் கடைதான் ஆகும்.

பதில் கம்பெனியில் கிடைத்தது. கட்டிங் மேஜையில் துணியைப் பரப்பி, அட்டையில் வெட்டிய மாதிரியை அதன் மேல் வைத்துச் சாக்பீஸால் வரைவார்கள். அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பனியன் கைக்கான அட்டையைத் துணியின் இந்த ஓரத்தில் வைத்தாலும் கைதான், அந்த ஓரத்தில் வைத்தாலும் கைதான். துணியில் எந்த அடையாளமும் கிடையாது. வடிவம் அட்டையில் இருக்கிறது. எஸ், எல், எக்ஸெல் எல்லாம் கழுத்தில் இல்லை, என் விரல்களில் இருக்கின்றன. முழுக் கையையும் அட்டையாக எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். பசை மட்டும் பல வருஷம் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்த வடிவத்தோடுதான் வாழ்ந்தேன். விரல் வைக்காமல் ஒலிக்கிற திறந்த கம்பியைத் தொடாமல், எல்லாச் சுரத்தையும் விரலாலேயே அழுத்தி, ஒவ்வொரு கட்டமாக ஏறி இறங்குவேன். டெய்லர் ஊசி மாற்ற மிஷினை நிறுத்தும்போது என் கையும் ஓயும். அப்போது என் வலது முன்கையையே கழுத்தாக வைத்து, இடது விரல்களால் அழுத்திக்கொண்டிருப்பேன். பக்கத்து மிஷின் அக்கா, “பிள்ளைக்கு நரம்பு இழுக்குது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார். பிறகு கம்பெனியை விட்டு முழுநேரமும் குழுவுக்கே வந்துவிட்டேன்.

இனி விமலாக்கா. எங்கள் குழுவின் முதல் பாடகி. அவரும் ஒரு காலத்தில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியவர்தான். தைத்த உருப்படியில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைக் கத்தரிக்கிற வேலை. கணவர் இல்லை, பிள்ளைகளைப் பாட்டுப் பாடித்தான் ஆளாக்கினார். மேடையில் நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார் என்றால், சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஆள் வந்து நிற்கும். அவருக்கென்று ஒரு பாட்டு உண்டு. பழைய சினிமாப் பாட்டு. ஒவ்வொரு நிகழ்ச்சியும் அதில்தான் தொடங்கும். அந்தப் பாட்டுக்கு முன்னால் ஒரு தொகையறா, அதாவது தாளம் தொடங்குமுன் தன்போக்கில் இழுத்துப் பாடுகிற வரிகள். தொகையறாவுக்கு மேண்டலின் மட்டும்தான் துணை என்பது மாஸ்டர் வகுத்த சட்டம். நான் ஒரு தடவை ச-க-ப-ச உதிர்த்து இடத்தைக் காட்டுவேன். அக்கா அதிலிருந்து எழுந்து போவார். அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் நான் இன்னொரு முறை உதிர்ப்பேன். அந்தச் சில நிமிஷம் மேடையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இருப்பதாகவே எனக்குத் தோன்றாது. அவ்வளவு பிரியம் எனக்கு அந்த வேலையின் மீது, அவர் மீதும்.

விமலாக்காவுக்குத் தொண்டையில் கட்டி என்று ஆப்பரேஷன் ஆயிற்று. குரல் வந்துவிடும், பொறுத்திருங்கள் என்றார்கள். மாதக்கணக்கில் பொறுத்திருந்து ஒத்திகைக்கு வந்தார். ஆறு கட்டையில் அவருடைய பாட்டு. கீழே எல்லாம் சரியாக இருந்தது. மேலே ஏறுகிற இடத்தில் குரல் உடைந்தது. “காலையில தயிரு ஊத்திட்டேனுங்க” என்றார். அடுத்த வாரம், “வெய்யில்ல வந்தேனுங்க” என்றார். அதற்கடுத்த வாரம் காரணம் சொல்லவில்லை.

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். ஆனால் வீட்டை விசாரிக்கவில்லை. “கொஞ்சம் எறக்கிக்கலாமுங்களா அம்மிணி?” என்று கேட்டார்.

“எறக்குனா அது என்னோட பாட்டு இல்லீங்க மாஸ்டர். ஆறு கட்டையில பாடுனா பாடறேன். இல்லாட்டி வேண்டாமுங்க.”

மாஸ்டருக்கும் வேறு வழி இல்லை. நிகழ்ச்சி வரிசையாக ஒப்புக்கொண்டாகிவிட்டது, குழுவை நம்பிப் பல வீட்டில் அடுப்பு எரிகிறது. கோயமுத்தூரிலிருந்து ஒரு புதுப் பாடகியை வரவழைத்தார். ஆயுத பூஜை நிகழ்ச்சியில் முதல் பாட்டு விமலாக்கா பாடட்டும், முடியவில்லை என்றால் அங்கிருந்தே அந்தப் பிள்ளை மைக்கை வாங்கிக்கொள்ளும், அதற்குப் பிறகு எல்லா நிகழ்ச்சிக்கும் அந்தப் பிள்ளைதான் என்று, தரையைப் பார்த்துக்கொண்டு, வரிக்கு ஒரு ‘ங்க’ போட்டுச் சொன்னார். விமலாக்கா, “சரிங்க” என்றார்.

அன்று மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். “பாட்டு போச்சுன்னா மறுக்காப் பிசிறு வெட்டப் போயிருவேன் கண்ணு. வேலைக்கு நான் பயப்படலை. ஆனா கம்பெனியில நாள் முழுக்க ஸ்பீக்கர்ல பாட்டு ஓடுமே. வாயத் தொறக்காம அதக் கேட்டுட்டு உக்காந்திருக்கோணுமே, அத நெனச்சாத்தான் ஒரு மாதிரியா இருக்குது” என்றார். “பாடிருவீங்கக்கா” என்றேன். வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டின் கார்டு எல்லாவற்றையும் ஒவ்வொரு கட்டமாக இறக்கி வாசித்துப் பார்த்துக்கொண்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. மாஸ்டருக்குத் தெரியாமல் கள்ளத்தனம் செய்கிறோமே என்று உறுத்தலாகத்தான் இருந்தது.

அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனி. ஆயுத பூஜை என்றால் திருப்பூரில் மிஷின்களுக்கு ஓய்வு. எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், பூ. பூஜை போட்ட கருவியை யாரும் தொடக் கூடாது. எங்களுக்கு மட்டும் அன்றைக்குத்தான் வேலை அதிகம். அதனால் மாஸ்டர் விடிந்ததும் தன் வீட்டிலேயே எங்கள் வாத்தியங்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, முருகனிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு வருவார். என் மேண்டலினுக்கும் சந்தனம் உண்டு. முதல் வருஷம் அதைப் பார்த்த என் அப்பா, ‘வாசனையா இருக்கு’ என்று மட்டும் சொன்னார்.

கட்டிங் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே துணி விரித்து மேடை ஆக்கியிருந்தார்கள். காலை பதினொரு மணி வாக்கில் ஆரம்பித்தோம். டெய்லர்கள், கைமடிகள், வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள் எல்லோரும் துணிக் கட்டுகள் மேல் உட்கார்ந்து பொரி கொறித்துக்கொண்டிருந்தார்கள். புதுப் பாடகி முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் இருந்தாள். நல்ல பிள்ளை. எங்களைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மடியில் பொரிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு கட்டையில் உதிர்த்தேன். தடித்த கம்பியில் இரண்டாம் கட்டத்தில் ஆள்காட்டி. ச, க, ப, ச. விமலாக்கா கண்ணை மூடி எடுத்தார். முதல் வரி பாதி வரை பழைய விமலாக்காதான். மேல் ‘ச’வை எட்டுகிற இடத்தில் சத்தம் நின்று வெறும் காற்று வந்தது. மைக்கில் அது இன்னும் பெரிதாகக் கேட்டது. கூடத்தில் பொரி கொறிக்கிற சத்தம் நின்றது. புதுப் பிள்ளை பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் பாதி எழுந்தாள். மாஸ்டர் கீபோர்டிலிருந்து ஒரு கையை எடுத்து, உட்காருங்கள் என்று காட்டினார்.

தொகையறாவில் ஒரு வசதி. நிறுத்தினாலும் பாட்டின் ஒரு பாகம் என்றே கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். விமலாக்கா நிறுத்தினார். நீளமாக நிறுத்தினார். பிறகு இரண்டாவது வரியை வேறோர் இடத்திலிருந்து, நன்றாகக் கீழேயிருந்து எடுத்தார்.

எந்த இடம்? முதல் கட்டத்துக்கு இறங்கிப் பார்த்தேன், இல்லை. திறந்த கம்பியைத் தொட்டேன், அதுவும் இல்லை. அக்கா இன்னும் கீழே இருந்தார். எனக்கு அதற்குக் கீழே மேண்டலினில் கழுத்தே கிடையாது. இறங்க இடம் இல்லாவிட்டால், அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே இருக்கிற இடத்துக்குத் தாண்ட வேண்டியதுதான் என்று, கையை அப்படியே தூக்கி அடுத்த ஜோடிக் கம்பியில் நாலாவது கட்டத்தில் வைத்தேன். அதே வடிவம், அதே விரல்கள். ச, க, ப, ச. உட்கார்ந்துவிட்டது. நாலரைக் கட்டை. விமலாக்கா என் பக்கம் பார்க்கவில்லை. தலையை மட்டும் லேசாகச் சாய்த்தார்.

தொகையறா முடிந்து பாட்டுக்குள் நுழையும்போதுதான் மற்றவர்களைப் பார்த்தேன். ஆறுமுகம் அண்ணன் கையில் ஐந்தரைக் கட்டைக் குழல் இருந்தது. ஆறு கட்டைக் குழலை அவர் வெளியே எடுக்கவே இல்லை. மாஸ்டரின் கீபோர்டுத் திரையில் ஒரு கட்டை இறக்கிய எண் தெரிந்தது. நான் மட்டும் கள்ளத்தனம் செய்வதாக நினைத்திருந்தேன். ஆளாளுக்கு ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஆளுக்கொரு அளவு இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். ஒருவர் அளவும் விமலாக்காவின் அளவோடு பொருந்தவில்லை. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மாஸ்டர் பட்டனை அழுத்தியிருக்கலாம். அழுத்தவில்லை. விமலாக்கா அங்கே நிற்பாரா, இன்னும் நகர்வாரா என்று தெரியாமல் மொத்தக் குழுவையும் அவர் மேல் ஏற்ற அவருக்கு மனசு வரவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். ஆறுமுகம் அண்ணன் குழலை வைத்துவிட்டுக் கிலுகிலுப்பையை எடுத்தார். தபலாக்காரர் சுருதி சேர்த்த வலது பக்கத்தைத் தொடாமல் இடதை மட்டும் மெதுவாகத் தட்டினார். பல்லவியும் முதல் சரணமும் மேண்டலின் மேல்தான் போயின.

அங்கே ஒரு அதிசயம் நடந்தது. ஆறு கட்டையில் என் ‘ச’ ஓரத்துக் கம்பியில் இருக்கும். கார்டு ‘ம’வுக்கு மாறும்போது கை அங்குமிங்கும் ஓட வேண்டும். நாலரையில் நடுக் கம்பியில் உட்கார்ந்ததும், ஒரு பக்கத்துக் கம்பியில் ‘ப’, மறுபக்கத்துக் கம்பியில் ‘ம’, இரண்டும் அதே கட்டத்தில் இருந்தன. கை நகரவே வேண்டியதில்லை. இத்தனை வருஷம் வாசித்த பாட்டுக்கு அவ்வளவு சௌகரியமான இடம் இருந்ததே எனக்குத் தெரியாது. விமலாக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் குரல் எனக்குப் புதிது. மெருகு போய், கனம் வந்திருந்தது. முன்பு அந்தப் பாட்டைக் கேட்டால் ஒரு பெண் ஆசைப்படுகிறாள் என்று தோன்றும். அன்று, ஆசைப்பட்டதெல்லாம் பார்த்துவிட்ட ஒருத்தி சொல்வது போல் இருந்தது. இரண்டாவது சரணத்தில், பின்னாலிருந்து கதவைச் சத்தமில்லாமல் திறப்பது மாதிரி மாஸ்டர் சரியான கட்டையில் உள்ளே வந்தார்.

முடிந்ததும் கூடமே கை தட்டியது. புதுப் பிள்ளை எழுந்து நின்று தட்டினாள். அடுத்த பாட்டை அவள் பாடினாள், அதற்கடுத்ததை விமலாக்கா பாடினார். அன்று நிகழ்ச்சி அப்படியே மாறி மாறிப் போயிற்று.

மதியம், அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவே சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். விமலாக்கா மட்டும் உட்காராமல் சுவரோடு நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரிடம் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசத் துணியவில்லை. மாஸ்டர் எழுந்து அவர் அருகே போனார். மயிரிழை சுருதி விலகினாலும் எங்கள் குடும்பத்தையே விசாரிக்கிற மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

“அதே ஆறு கட்டையில, அப்படியே பழையபடி நின்னுட்டீங்க அம்மிணி.”

ஆறுமுகம் அண்ணன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். விமலாக்கா மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

“ஆப்பரேசன் தொண்டைக்குத்தானுங்க மாஸ்டர். காதுக்கு இல்லீங்க.”

மாஸ்டருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். கடைசியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “அப்ப அடுத்த புரோகிராமுக்கு நாலரைன்னே வெச்சுக்கறேனுங்க” என்றார்.

விமலாக்கா அதற்குப் பிறகுதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.